தெருமுனைக் குப்பை முதல் மாங்கொட்டை வரை: வாசகர் கேள்வி – பதில்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் ஊர்ச் சுத்தம் பற்றிக் கேட்டு அனுப்பிய கேள்விகளுக்கு, உள்ளாட்சிகளின் திடக்கழிவுப் பணியை நன்கறிந்தவர்கள் இந்த இதழில் பதில் தருகிறார்கள்.

எங்கள் தெருமுனையில் இருந்த குப்பைத்தொட்டியை எடுத்துவிட்டார்கள். வீட்டு வாசலுக்கே வண்டி வரும் என்றார்கள், வருகிறது. ஆனாலும் தொட்டி இருந்த இடத்தில் முன்பைவிட அதிகமாகக் குப்பை சேர்கிறது. தொட்டியைத் திரும்பக் கேட்கலாமா?
*வாசகி, தருமபுரி*

வேண்டாம் அம்மா. தொட்டி இருந்த காலத்திலும் பாதிக் குப்பை தொட்டிக்கு வெளியேதான் கிடந்திருக்கும். நாய் இழுக்கும், மாடு கிளறும், நிரம்பிவிட்டால் அடுத்தவர் தரையில் வைத்துவிட்டுப் போவார். தொட்டி திரும்ப வந்தால் பக்கத்து நாலு தெருக் குப்பையும் அங்கே வந்து சேரும். முதலில் அந்தக் குப்பையை யார், எந்த நேரத்தில் போடுகிறார்கள் என்று கண்டுபிடியுங்கள்.

ஒரு வாரம் காலை 5 மணியிலிருந்து 7 மணி வரையும், இரவு 9 மணியிலிருந்து 11 மணி வரையும் இரண்டு பேர் நின்று பார்த்தால் போதும். யாரையும் மறிக்க வேண்டாம். பிறகு வார்டு மேற்பார்வையாளரிடம் சொல்லி, கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு, பத்துப் பைகளைத் தார்ப்பாயில் கொட்டிப் பாருங்கள். சோறும் குழம்பும் காய்கறித் தோலும் ஒரே பையில் இறுக முடிந்திருந்தால் அது வீட்டுக் குப்பை. டீத்தூளும் பேப்பர் கப்பும் என்றால் டீக்கடை. தலைமுடி என்றால் சலூன். கூரியர் உறை, மருந்துச் சீட்டு, பால் கணக்கு என்று ஏதாவது ஒன்று எந்தத் தெரு என்பதையும் சொல்லிவிடும். அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு மானத்தை வாங்க வேண்டாம். அப்படிச் செய்தால் அவர் திருந்த மாட்டார். பையிலிருந்து பேப்பரை மட்டும் எடுத்துவிட்டுப் போடுவார்.

பெரும்பாலும் தெரியவருவது இதுதான்: வண்டி 8 மணிக்கு வருகிறது, 6 மணிக்கே கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் வீட்டில் அப்போது ஆள் இல்லை. தனியாக வாடகைக்கு இருப்பவர்கள், மாடிவீட்டுக்காரர்கள், காலையிலேயே கடை திறக்கப் போகிறவர்கள் எல்லோருக்கும் இதே சிக்கல். இவர்களுக்கு அபராதம் போட்டால் குப்பை அடுத்த முனைக்கு நகரும், அவ்வளவுதான். வாரத்தில் மூன்று நாளாவது மாலை 6.30 முதல் 7.30 வரை ஒரு சுற்று வண்டி வர ஏற்பாடு செய்யச் சொல்லி, தெருவில் உள்ளவர்களிடம் கையெழுத்து வாங்கிக் கமிஷனருக்கு மனு கொடுங்கள். மனுவில் கணக்கையும் எழுதுங்கள். சிறு நகரங்களில் ஒரு ஆளுக்கு நாளொன்றுக்கு 200 முதல் 300 கிராம் குப்பை சேரும். வீட்டுக்கு நாலு பேர் என்று 100 வீடு இருந்தால் 80 முதல் 120 கிலோ. இதில் எத்தனை வீடு காலை வண்டியைத் தவறவிடுகிறது என்று சொன்னால் கூடுதல் சுற்றுக்கு நியாயம் கிடைக்கும். "குப்பை அள்ளவில்லை" என்று மட்டும் எழுதும் மனுவுக்கு "அள்ளப்பட்டது" என்று ஒரு வரிப் பதில்தான் வரும்.

மாலைச் சுற்று தொடங்கும் நாளன்றே இடத்தையும் மூடுங்கள். குப்பையை மட்டும் வாரினால் போதாது. சாறு ஊறிய மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட வேண்டும். அந்த நாற்றம் இருக்கும்வரை நாய் வரும், நாய் வந்தால் பை வரும். சுரண்டிய பிறகு ப்ளீச்சிங் பவுடர் தூவுங்கள். குப்பையின் மேலேயே தூவுவது பல ஊர்களில் வழக்கம், வீண். அழுகல் பொருள் குளோரினைத் தின்றுவிடும், வெள்ளையாகத் தெரிவது மட்டும்தான் மிச்சம். பிறகு கிராவல் கொட்டிச் சமன்செய்து, அங்கே தெருவிளக்கு எரிகிறதா என்று பாருங்கள்.

அதன்பின் மூன்று வாரம்தான் முக்கியம். யாராவது ஒரு பை வைத்தால் அது ஒரு மணி நேரத்துக்கு மேல் அங்கே கிடக்கக் கூடாது. முதல் பை மதியம் வரை கிடந்தால் மாலைக்குள் பத்தாகிவிடும். பெரும்பாலான முயற்சிகள் இந்தக் கட்டத்தில்தான் தோற்கின்றன: முதல் நாள் பொக்லைன், போட்டோ, கோலம் எல்லாம் இருக்கும், நாலாம் நாள் பார்க்க ஆள் இருக்காது. சுவரில் சாமி படம் வரைவதும் அப்படித்தான். குப்பை இருபது அடி தள்ளிப் போகும், குறையாது.

நாங்கள் பிரித்துத்தான் கொடுக்கிறோம். வண்டியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டிவிடுகிறார்கள். பிறகு எதற்குப் பிரிக்க வேண்டும்?
*வாசகர், காவேரிப்பட்டணம்*

நியாயமான கோபம். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் கழிவு என்று பிரித்துக் கொடுப்பதை வீட்டுக்காரரின் கடமையாக்கின. பிரித்ததைப் பிரித்தபடியே எடுத்துச் செல்வது உள்ளாட்சியின் கடமை. இரண்டாவது பாதி பல இடங்களில் நடப்பதில்லை. தூய்மைப் பணியாளரைத் திட்டுவதற்கு முன் வண்டியைப் பாருங்கள். உள்ளே தடுப்பு இருக்கிறதா? இருந்தாலும் போதிய அளவு இருக்கிறதா? மக்கும் குப்பை எடை அதிகம், இடம் கொஞ்சம். மக்காத குப்பை எடை இல்லை, இடத்தை அடைத்துக்கொள்ளும். வண்டியைச் சரிபாதியாகத் தடுத்தால் பாதித் தெருவிலேயே மக்காத பக்கம் நிரம்பிவிடும். அதன்பின் பணியாளர் என்ன செய்வார்?

இதற்கு எளிய வழி, மக்கும் குப்பையைத் தினமும், மக்காத குப்பையைப் புதன், சனி என்று வாரத்தில் இரண்டு நாள் மட்டும் எடுப்பது. கழுவிக் காயவைத்த பிளாஸ்டிக் நாலு நாள் வீட்டில் இருந்தாலும் நாறாது. பால் பாக்கெட்டின் முனையை முழுதாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி கீறிவிடுங்கள். அந்தச் சின்னத் துண்டை எந்தப் பணியாளரும் பொறுக்க முடியாது, எந்த எந்திரமும் பிரிக்காது. நேராகச் சாக்கடைக்கோ உரத்துக்கோ போகும். நாப்கினையும் டயாப்பரையும் தனியாகப் பேப்பரில் சுற்றிக் கொடுங்கள். அவற்றைக் கையால் பிரிப்பவரும் நம்மைப் போன்ற மனிதர்தான்.

இன்னொன்றையும் கவுன்சிலரிடம் கேளுங்கள்: ஒப்பந்ததாரருக்குப் பணம் எதை வைத்து? டன் கணக்கில் என்றால், கலந்து கனமாகக் கொண்டுபோவதுதான் அவருக்கு லாபம். மண்ணும் கட்டட இடிபாடும்கூட எடைமேடையில் ஏறும். எத்தனை வீட்டில் பிரித்து வாங்கினார் என்பதை வைத்துப் பணம் தரும் ஒப்பந்தம்தான் பிரித்தலைக் காப்பாற்றும்.

ஊராட்சியின் உரக்கூடத்தைப் பார்த்துக்கொள்கிறேன். தக்காளி விலை விழும்போது மண்டியிலிருந்து டிராக்டர் டிராக்டராக வருகிறது. ஜூனில் மாம்பழத் தோலும் கொட்டையும். தொட்டி முழுக்கப் புழு, நாற்றம். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருகிறார்கள். எங்கே தப்பு?
*வாசகர், பாலக்கோடு வட்டாரம்*

தப்பு தண்ணீரில். தக்காளியில் நூற்றுக்கு 94 பங்கு தண்ணீர். உரக்குவியலில் ஈரம் 50 முதல் 60 சதம் இருந்தால்தான் நுண்ணுயிர்கள் காற்றோடு வேலை செய்யும். அதற்கு மேல் போனால் இடுக்குகளில் காற்றுக்குப் பதில் நீர் நிற்கும். காற்றில்லாமல் வாழும் கிருமிகள் ஆட்சிக்கு வந்து அழுகிய முட்டை நாற்றம் கிளம்பும்.

100 கிலோ தக்காளியை அப்படியே தொட்டியில் போட்டால், ஈரத்தை 60 சதத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 85 கிலோ காய்ந்த பொருள் வேண்டும். அவ்வளவுக்கு எங்கே போவது? அதனால் முதலில் சரிவான சிமெண்ட் தளத்தில் கொட்டி, மிதித்தோ மண்வெட்டியால் கொத்தியோ நசுக்கி, ஒரு இரவு சாற்றை வடியவிடுங்கள். பாதித் தண்ணீர் வடிந்தாலே சுமார் 40 கிலோ காய்ந்த பொருள் போதும். வடிந்த சாற்றை ஓடையில் விடக் கூடாது. பத்து மடங்கு தண்ணீர் கலந்து மரங்களுக்கு, ஒரே இடத்தில் தேங்காமல் மாற்றி மாற்றி ஊற்றலாம்.

காய்ந்த பொருளுக்கு நம் பக்கத்தில் பஞ்சமில்லை. தென்னை நார்க்கழிவு, இரண்டு அங்குலமாக நறுக்கிய சோளத்தட்டை, மக்காச்சோளச் சக்கை, காய்ந்த இலை எதுவானாலும் சரி. நார்க்கழிவை மட்டும் நம்ப வேண்டாம். அதில் கார்பன் மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். பாதி நார்க்கழிவு, பாதி இலைதழை என்று வைத்து, 100 கிலோ கலவைக்கு 10 கிலோ பச்சைச் சாணத்தைக் கரைத்துத் தெளியுங்கள். தொட்டியின் அடியில் ஒரு சாண் உயரத்துக்குக் குச்சி, தேங்காய் மட்டை பரப்பினால் அடியிலிருந்து காற்று ஏறும்.

ஈரத்தை அளக்கக் கருவி தேவையில்லை. குவியலின் நடுவிலிருந்து ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் ஓரிரு சொட்டு வந்தால் சரி. ஒழுகினால் காய்ந்த பொருள் சேர்த்துக் கிளறுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். சூட்டுக்கு ஒரு இரும்புக் கம்பி: நடுவில் குத்தி ஐந்து நிமிடம் விட்டு உருவினால், பிடிக்க முடியாத சூடு இருக்க வேண்டும். நல்ல குவியல் மூன்று நாலு நாளில் 55 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் ஈப்புழு பிழைக்காது. புழு மேயும் தொட்டி என்றால் அது சூடேறாத தொட்டி. வாரம் ஒருமுறை, ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி கிளறுங்கள். நாற்றம் மூக்கைக் குத்தும் அமோனியாவாக இருந்தால் பச்சைப் பொருள் அதிகம் என்று பொருள், இலைச்சருகு சேருங்கள். 45 முதல் 60 நாளில் கறுத்து, மண்வாசம் வரும். சலித்து விற்க 4 மில்லிமீட்டர் சல்லடை. நாற்றத்துக்குப் பயந்து தொட்டியில் ப்ளீச்சிங் பவுடர் போடுவதை மட்டும் நிறுத்துங்கள். உரம் செய்யும் உயிர்களையே அது கொன்றுவிடும்.

மாம்பழத் தோல் சீக்கிரம் புளித்துவிடும். அதனால் மொத்தமாகக் கொட்டாமல், நாலு விரல் கனத்துக்கு மேல் போகாமல் ஒரு அடுக்கு தோல், ஒரு அடுக்கு சருகும் சாணக் கரைசலும் என்று போடுங்கள். கொட்டை தொட்டிக்குள் போகவே கூடாது. 60 நாள் கழித்தும் முழுதாக வெளியே வரும், சில முளைத்தும் நிற்கும். தனியாகச் சேர்த்துக் கழுவி, நிழலில் உலர்த்தி, ஒட்டுக்கட்ட நாற்று வளர்ப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். சந்தூர்ப் பக்கம் மா நாற்றுப்பண்ணைகள் நிறைய இருக்கின்றன. கொட்டையின் முளைப்புத்திறன் சில வாரங்களில் குறைந்துவிடும் என்பதால் பருவம் முடியும்வரை குவித்து வைக்காதீர்கள். மாங்கூழ் தொழிற்சாலையின் கழிவு உங்கள் பொறுப்பல்ல. அதை முறைப்படி அகற்ற வேண்டியது தொழிற்சாலைதான். இலவசமாகக் கொட்டிவிட்டுப் போக அனுமதிக்காதீர்கள்.

ஒகேனக்கல்லில் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் திங்கட்கிழமை பழையபடி ஆகிவிடுகிறது. என்னதான் வழி?
*வாசகர், பென்னாகரம்*

அங்கே கிடப்பதைக் கவனித்துப் பாருங்கள்: ஷாம்பு பாக்கெட், சோப்பு உறை, எண்ணெய்ப் பாட்டில், மீன் வறுவல் தட்டு, மது பாட்டில். எண்ணெய்க் குளியலும் மீனும் அந்த ஊரின் பிழைப்பு. அவற்றை நிறுத்தச் சொல்ல முடியாது. ஆனால் எண்ணெய் தேய்ப்பவர் கேனிலிருந்து கிண்ணத்தில் ஊற்றித் தரலாம். மீனுக்கு இலை போதும். பிளாஸ்டிக் பூசிய தட்டும் கப்பும் 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. குளிக்கும் துறைகளில் ஷாம்பு பாக்கெட் விற்பதை நிறுத்த, கடை ஒதுக்கீட்டு நிபந்தனையில் ஒரு வரி சேர்த்தால் போதும்.

பாட்டிலுக்கு வைப்புத்தொகைதான் மருந்து. நீலகிரியில் 2022ல், டாஸ்மாக் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை தொடங்கியது. அதே மாதிரி வண்டி நிறுத்துமிடத்திலேயே பைகளில் உள்ள பாட்டில்களை எண்ணி, ஸ்டிக்கர் ஒட்டி, முன்பணம் வாங்கித் திரும்பும்போது கொடுக்கலாம். பாறையிடுக்கில் உடைந்த கண்ணாடி முதலில் கிழிப்பது பரிசல் ஓட்டிகளின் காலைத்தான்.

அங்கே வைக்கும் தொட்டிகளுக்குக் கொக்கி போட்ட மூடி வேண்டும். ஆடும் மூடியைக் குரங்கு ஒரே நாளில் பழகிக்கொள்ளும். பொழுது சாய்வதற்குள் காலி செய்துவிட வேண்டும், இரவில் காட்டுப்பன்றி கவிழ்க்கும். ஞாயிற்றுக்கிழமை ஒரு முறை அள்ளுவது போதாது. 11, 2, 5 என்று மூன்று முறை அள்ளுவதற்குத் தேவையான ஆட்களை, வாரநாளில் குறைத்தாவது, அன்றைக்குப் போட வேண்டும்.

போச்சம்பள்ளிச் சந்தை முடிந்த மறுநாள் அந்தப் பக்கம் நடக்க முடியவில்லை. யார் பொறுப்பு?
*வாசகி, போச்சம்பள்ளி*

சந்தையை உள்ளாட்சி குத்தகைக்கு விட்டிருந்தால் முதலில் குத்தகை ஒப்பந்தத்தைப் பாருங்கள். சுங்கம் வசூலிக்கும் உரிமை பக்கம் பக்கமாக இருக்கும். சுத்தம் பற்றி அரை வரிதான் இருக்கும். அடுத்த ஏலத்துக்கு முன் கிராம சபையில் தீர்மானம் போட்டு மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கச் சொல்லுங்கள். சுங்கச் சீட்டு கொடுக்கும்போதே வியாபாரிக்கு ஒரு சாக்கு தர வேண்டும். கடை எடுக்கும்போது கழிவை அந்தச் சாக்கில் கட்டி வைத்துவிட்டுப் போக வேண்டும். சந்தை கலைந்த அன்றிரவே குத்தகைதாரர் தரையைக் கூட்ட வேண்டும். தவறினால் வைப்புத்தொகையில் பிடித்தம். இரவே அள்ளினால் காய்ந்த கழிவு, கூட்டுவது சுலபம். விடியும்வரை விட்டால் பனியும் மாட்டுக் காலும் சேர்ந்து சேறாகிவிடும். ஆட்டுச்சந்தைப் புழுக்கையைத் தனியே கூட்டுங்கள், உரத்தொட்டிக்கு அதைவிட நல்ல பொருள் கிடைக்காது.

கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கூடும்.

மண்டபத்துக் குப்பையை ஊராட்சி எடுக்க மறுக்கிறது. சரியா?
*வாசகர், அரூர்*

மண்டபத்தைச் சாதாரண வீட்டுக் கணக்கில் வைக்க முடியாது. நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடம், 2016 விதிகளிலேயே பெருமளவு கழிவு உருவாக்குபவர் கணக்கில் வைக்கப்பட்டது. மிச்சம் மீதியோடு ஒரு இலை 200 கிராம் என்று வைத்தாலும் 500 பேர் சாப்பிட்டால் 100 கிலோ. உரிமம் இல்லாத இடத்தில் நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சி என்றால் மூன்று வேலை நாளுக்கு முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றும் அந்த விதிகள் கூறின. பந்தியில் இலையை மடிக்கும்போது தண்ணீர் பாட்டிலையும் ஐஸ்கிரீம் கப்பையும் உள்ளே வைத்து மடிப்பதுதான் பெரிய தொல்லை. இலை எடுப்பவருக்கு முன்னால் ஒருவர் கூடையோடு போய்ப் பாட்டிலையும் கப்பையும் பொறுக்கிவிட்டால் மீதி முழுவதும் உரத்துக்கோ மாட்டுக்கோ போகும்.

காலையில் தூய்மைப் பணியாளர்களே சருகைக் குவித்துக் கொளுத்துகிறார்கள். சொல்லலாமா?
*வாசகி, கிருஷ்ணகிரி*

சொல்லுங்கள், ஆனால் மேற்பார்வையாளரிடம். திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. வண்டி வராததால்தான் பணியாளர் கொளுத்துகிறார். அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவர்தான். சருகை மூட்டை கட்டி உரக்கூடத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். மேலே பாலக்கோடு வாசகரின் தொட்டிக்குத் தேவைப்படுவதே அதுதான்.

எங்கள் ஏரிக்கரையில் இரவில் கோழிக்கழிவு மூட்டைகளை வீசுகிறார்கள். ஊராட்சியில் கேட்டால் ஏரி எங்களுடையது இல்லை என்கிறார்கள், நெடுஞ்சாலைக்காரர்கள் சாலைதான் எங்களுடையது என்கிறார்கள்.
*வாசகர், பர்கூர்*

இடம் யாருடையது என்பதை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். ஆயக்கட்டு (பாசனம் பெறும் நிலப்பரப்பு) 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஏரிகள் பொதுவாக ஊராட்சி ஒன்றியத்தின் பராமரிப்பில் இருக்கும். அதற்கு மேற்பட்டவை நீர்வளத் துறையிடம். தேசிய நெடுஞ்சாலையின் எல்லைக்குள் மூட்டை கிடந்தால் 1033 எண்ணில் புகார் பதியலாம். சர்வே எண்ணோடு கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதி வாங்கினால் தட்டிக்கழிக்க முடியாது. அதன் நகலை இணைத்து, திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுங்கள். பொதுத் தொல்லையை அகற்ற உத்தரவிட, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 152ஆம் பிரிவில் கோட்டாட்சியருக்கு அதிகாரம் உண்டு. மனுவில் அந்தப் பிரிவைக் குறிப்பிடுங்கள். நிதி இல்லை என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து நகராட்சி தப்ப முடியாது என்று ரத்லாம் நகராட்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1980லேயே சொல்லிவிட்டது.

கழிவு எங்கிருந்து வருகிறது என்பது அடுத்தது. உயிர்க்கோழியின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கழிவாகிறது. ஞாயிற்றுக்கிழமை 150 கிலோ கோழி அறுக்கும் கடையில் 50 கிலோ. அதை எடுக்க வண்டி வராவிட்டால் இரவில் ஏரிதான். எல்லாக் கடைக்காரர்களையும் ஒரு நாள் உட்கார வைத்து, மூடியுள்ள டிரம், மாலையில் ஒரே வண்டி, மாதக் கட்டணம் என்று முடிவு செய்ய வேண்டும். கடை உரிமம் புதுப்பிக்கும்போது அந்தக் கட்டண ரசீதைக் கட்டாயமாக்கினால் ஒழுங்கு நிற்கும். கழிவைக் கெளுத்தி மீன் குட்டைக்குக் கொடுப்பதாகச் சொன்னால் ஏற்காதீர்கள். ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பு தடைசெய்யப்பட்டது. வேறு வழி அமையும்வரை, கிணறும் ஏரியும் இல்லாத மேட்டு நிலத்தில் ஆறடிக் குழி தோண்டி, ஒவ்வொரு நாள் கழிவின் மேலும் சுண்ணாம்பும் ஒரு அடி மண்ணும் போட்டு மூடலாம். மண் அதைவிடக் குறைந்தால் அன்றிரவே நாய் தோண்டிவிடும்.

மனு கொடுத்து 30 நாளாகியும் அசைவில்லை என்றால், தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு மூன்று ஆவணங்களின் நகல் கேளுங்கள்: குப்பை வண்டியின் வழித்தட அட்டவணை, கடந்த மூன்று மாத வாகனப் பதிவேடு, உங்கள் மனுவின் மேல் எடுத்த நடவடிக்கைக் குறிப்பு. "ஏன் செய்யவில்லை" என்று கேட்டால் பதில் வராது. ஆவணம் கேட்டால் 30 நாளுக்குள் தந்தாக வேண்டும்.